நுவரெலியாவில் வைத்த டைமிங், கம்பளையில் அடித்த 92

மலைநாட்டிலிருந்து கரட்டும் லீக்ஸும் கீழே இறங்குவதை எல்லாரும் பார்க்கிறார்கள். அதை விளைய வைக்கிற கோழி எருவும் சீமெந்தும் பொலித்தீன் கூடாரத்துக்கான இரும்புக் குழாயும் மேலே ஏறுகிற பாடு ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளைப் பக்கத்தில் ஒரு ஏக்கருக்கும் குறைந்த மரக்கறித் தோட்டத்துக்கு, கம்பளையிலிருந்து எரு ஏற்ற லொறிக் கூலி கட்டுபடியாகவில்லை. வீட்டில் இருந்த பழைய 1500 சீசீ பெற்றோல் வானுக்குப் பின்னால் ஒற்றை அச்சு ட்ரெய்லர் ஒன்றைப் பூட்டினோம். 25 கிலோ மூட்டை 28, ட்ரெய்லரின் சொந்த எடை 300 கிலோ, ஆக வானுக்குப் பின்னால் ஒரு தொன். இரண்டு பேரோடு வான் 1,300 கிலோ. காற்றையும் பெற்றோலையும் கலக்க காபரேட்டர், தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்க டிஸ்ட்ரிபியூட்டர்; கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. இந்த மாதிரி வானில் பாரம் இழுக்க நினைக்கிறவர்கள் படித்துவிட்டு ஒரு தடவை யோசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எங்களுக்கு அப்போது ஒருத்தரும் சொல்லவில்லை.

முதல் ட்ரிப்பிலேயே புசல்லாவை தாண்டியதும் வான் திணறியது. வழக்கமாக அடிப்பது 92 ஒக்டேன் பெற்றோல். கூட்டாளிகள் எல்லாரும் ஒரே மருந்தைத்தான் சொன்னார்கள்: "95 போடுங்க, இழுவை தானா வரும்." லீற்றருக்கு நாற்பது ரூபாய்க்கு மேல் கூடக் கொடுத்து 30 லீற்றர் அடித்தோம். ஒரு மாற்றமும் இல்லை. அது அப்படித்தான் இருக்கும் என்று இப்போது புரிகிறது. ஒக்டேன் என்பது பெற்றோலில் உள்ள சக்தியின் அளவு அல்ல. 92இலும் 95இலும் ஒரு லீற்றரில் இருக்கிற வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். தீப்பொறி படுவதற்கு முன்போ, படுகிற தீ தன்னிடம் வந்து சேர்வதற்கு முன்போ, அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகப் பற்றிவிடாமல் பெற்றோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதன் அளவுதான் அந்த எண். ஐசோ ஒக்டேன் என்ற திரவத்துக்கு 100, நோமல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, சோதனை இஞ்சின் ஒன்றில் ஓட்டி ஒப்பிட்டு இந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். இப்படித் தானாகப் பற்றுவதைத்தான் நொக் என்கிறோம்; பிளக்கில் தீப்பொறி விழுகிற நேரம்தான் டைமிங். நொக் வராத இஞ்சினுக்கு, டைமிங்கையும் மாற்றாமல், 95 போட்டால் அது செய்வதற்கு அங்கே வேலை இல்லை.

உங்கள் வண்டிக்கு எது வேண்டும் என்பதைக் கூட்டாளியிடம் கேட்காதீர்கள், டேங்க் மூடியிடம் கேளுங்கள். ஜப்பான் வண்டியாக இருந்தால் மூடியின் உள்பக்கம் ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அந்த நாட்டில் ரெகியுலர் என்றால் குறைந்தது 89, ஹைஒக் என்றால் குறைந்தது 96. நம் பெற்றோல் செட்டில் எழுதியிருக்கிற 92, 95 எண்களும் அதே ஆர்.ஓ.என். என்கிற சோதனைக் கணக்குத்தான். ஆகவே ரெகியுலர் என்று போட்ட வண்டிக்கு நம்முடைய 92 தேவைக்கு மேலேயே இருக்கிறது. கலவையை இஞ்சின் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்கிற கொம்ப்ரஷன் விகிதத்தை மட்டும் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. டொயோட்டா அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் அது 13க்கும் மேல், ஆனாலும் உள்ளிழுக்கும் வால்வ் பிந்தி மூடுகிற அமைப்பால் ரெகியுலரிலேயே ஓடும்படி செய்திருக்கிறார்கள். ஐரோப்பியச் சிறு டர்போ கார்களில் மூடியிலேயே 95 என்று இருக்கும். அதில் 92 அடித்துப் பாரம் இழுப்பது கூடவே கூடாது. அமெரிக்க வீடியோக்களில் 87 என்று கேட்டால் பயப்பட வேண்டாம். அவர்கள் இரண்டு வகைச் சோதனை எண்களின் சராசரியை எழுதுகிறார்கள். அந்த 87, நம் 91 அல்லது 92க்குச் சமம்.

95 பலன் தரவில்லை என்றதும், நுவரெலியாவில் ஒரு கராஜுக்குப் போனோம். அங்கே டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி தீப்பொறி முந்தி விழும்படி டைமிங்கை முன்னுக்குத் தள்ளினார்கள். காபரேட்டரில் பெற்றோல் அதிகமாகப் போகிறது, பிளக் கறுத்திருக்கிறது என்று அதையும் குறைத்தார்கள். வெளியே எடுத்து ஓட்டியபோது நம்பவே முடியவில்லை. காலை வைத்தவுடன் வான் பாய்ந்தது. கைவசம் இருந்த பணத்தைச் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த நேரம் டேங்கில் பாதிக்கு மேல் இருந்தது 95. காலை ஏழரை மணி, வாயால் ஊதினால் புகை வருகிற குளிர். இந்த இரண்டு விஷயங்களும் எங்கள் மனதில் படவே இல்லை.

அடுத்த நாள் கம்பளைக்கு இறங்கி, டேங்கை 92ஆல் நிரப்பி, மூட்டையை ஏற்றிக்கொண்டு பகல் பன்னிரண்டரைக்குப் புறப்பட்டோம். மாசி மாத வெயில். ஏற்றம் தொடங்கிய சில கிலோமீற்றரிலேயே அந்தச் சத்தம் வந்தது. தகர டின்னுக்குள் நாலு கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல, மெல்லிய உலோகச் சத்தம். மூன்றாம் கியரில் எக்சிலேட்டரை முழுக்க அழுத்தும்போது வரும், காலை எடுத்தால் நின்றுவிடும். டெப்பட் சத்தம், அதாவது வால்வை அசைக்கிற பாகம் தட்டுகிற சத்தம் என்று நினைத்தோம். இதை வேறுபடுத்த ஒரு வழி இருக்கிறது. டெப்பட் சத்தம் ஐடிலிலும் கேட்கும், இஞ்சின் வேகத்தோடு கூடும், பாரம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது. நொக் அப்படியல்ல. பாரத்தில், அழுத்தும்போது மட்டும் வரும். ரேடியோவைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் கேட்கவும் கேட்காது. மேலே போகப் போகச் சத்தம் தானாகக் குறைந்து, லபுக்கலைப் பக்கம் வந்ததும் இல்லாமலே போனது. அதனால் இஞ்சின் சூடாகிச் சரியாகிவிட்டது என்று நம்பினோம். அந்த நம்பிக்கைதான் எங்களைக் கெடுத்தது.

மூன்றாவது ட்ரிப்பில் ஹெல்பொடைக்கு முன்னால் சட்டென்று இழுவை போனது. பின்னால் நீலப் புகை. ஒயில் அளவுக் கம்பி தன் குழாயிலிருந்து மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்தது, அதைச் சுற்றி ஒயில் தெறித்திருந்தது. கற்களை எடுத்துச் சில்லுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, இருட்டும் வரைக்கும் வீதியோரத்தில் நின்றோம். எருவின் நாற்றத்தில் பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அன்றைக்கு வந்த அழுகையை மறைக்க வேண்டிய அவசியமில்லை. அந்த வான்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுகிறது, அதுதான் ஆஸ்பத்திரிக்கும் போகிறது.

வேறொரு பாஸ், அதாவது மெக்கானிக், பார்த்தார். வயதானவர், அவசரப்படாதவர். ஹெட்டைக் கழற்றும் முன் டைமிங்கை அளக்கிற டைமிங் லைட்டைப் பிடித்தார். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை பாகை முன்னால் தீப்பொறி விழ வேண்டும் என்பதற்கு, பொனட்டுக்குக் கீழே ஒட்டியிருந்த தகட்டில் 8 பாகை என்று இருந்தது. எங்கள் வானில் 17. பிறகு கொம்ப்ரஷன் அளந்தார்: ஒன்று, இரண்டு, நாலு சிலிண்டர்களில் 155இலிருந்து 160 பிஎஸ்ஐ, மூன்றாவதில் 70. அதற்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்தபோது 95க்கு ஏறியது. வால்வ் போயிருந்தால் ஒயில் விட்டாலும் ஏறாது. ஏறினால் பிஸ்டன், ரிங் பக்கம்தான் பழுது. மூன்றாம் பிளக்கைக் கையில் தந்தார். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போல கறுப்புப் புள்ளிகள், அவற்றுக்கு இடையில் ஊசிமுனை அளவில் மினுங்குகிற வெள்ளி மணிகள். "தம்பி, இது கரி இல்ல. பிஸ்டன் உருகி வந்து ஒட்டியிருக்கு" என்றார். பிஸ்டனை எடுத்தபோது அதன் விளிம்பு எலி கொறித்தது போல இருந்தது. முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவில் இருக்கிற தட்டு அரை விரல் நீளத்துக்கு உடைந்து, கையில் எடுக்கும்போதே ஒரு துண்டு கழன்று விழுந்தது.

உள்ளே நடந்தது இதுதான். பிளக் பற்றவைத்ததும் தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவுகிறது. இன்னும் எரியாமல் ஓரத்தில் மிஞ்சியிருக்கிற கலவையை அந்தத் தீ அமுக்கிச் சூடாக்குகிறது. தீ வந்து சேரும் முன்பே அந்த மிச்சம் தானாக ஒரேயடியாகப் பற்றினால், அதுதான் நொக். வெடிப்பலை உலோகத்தை அடிக்கிறது. பிஸ்டனுக்கு மேல் போர்வை மாதிரி ஒட்டியிருக்கிற மெல்லிய வாயுப் படலத்தையும் கிழித்துவிடுகிறது, சூடு நேராக அலுமினியத்துக்குள் இறங்குகிறது. டைமிங் எவ்வளவு முன்னுக்குப் போகிறதோ அவ்வளவுக்கு உச்ச அழுத்தம் கூடும், அந்த மிச்சத்தின் மேல் விழும் நெருக்கடியும் கூடும்.

அப்படியானால் நுவரெலியாவில் ஏன் சத்தம் வரவில்லை? மலைநாட்டில் வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது இது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதன் ஐந்தில் நாலு பங்குதான். டர்போ இல்லாத இஞ்சின் உள்ளிழுக்கிற காற்றும் அந்த அளவுக்குக் குறையும், சிலிண்டர் அழுத்தமும் குறையும், அதனால் நொக்கும் குறையும். குளிர்ந்த காற்று அதை இன்னும் குறைக்கிறது. அதாவது உயரத்தில் இஞ்சினுக்கு ஒக்டேன் தேவை குறைவு. கம்பளை ஐந்நூறு மீற்றருக்குள். அங்கே காற்று தடிப்பு, பகல் வெயிலில் சூடும் கூட. நொக்குக்குரிய இடம் மலையுச்சி அல்ல, மலையடிவாரம். கம்பளையிலிருந்து புசல்லாவை ஏற்றம், கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை ஏற்றம், கடுகண்ணாவை ஏற்றம், இவைதான் பெற்றோல் இஞ்சினைச் சோதிக்கிற இடங்கள். காபரேட்டரிலும் இதே கதை. உயரத்தில் காற்று மெலிவதால் கலவையில் பெற்றோல் கூடித் தெரியும், பிளக் கறுக்கும். அதைப் பார்த்து அங்கே குறைத்துவிட்டால், கீழே இறங்கியதும் கலவை மெலிந்துபோகும். மெலிந்த கலவை சூடு கூட, நொக்குக்கு வழி. எங்கள் வானுக்கு மூன்றும் சேர்ந்தன: மேலே குளிரில் 95 இருக்கும்போது முன்னுக்குத் தள்ளிய டைமிங், மேலே மெலிய வைத்த கலவை, கீழே வெயிலில் அடித்த 92.

செலவைச் சொல்கிறேன். பிஸ்டன், ரிங், பெயரிங், கஸ்கட் செட் 112,000 ரூபாய். சிலிண்டரைப் போர் பண்ணி ஹெட்டைச் சமப்படுத்திய லேத் கூலி 38,500. பாஸின் கூலி 60,000. ஒயில், கூலன்ட், பிளக், சில்லறை 24,000. வானை ஏற்றிப்போக 18,000, நடு வீதியில் நின்ற எருவை வேறு லொறியில் மாற்றிக் கொண்டுவர 14,000. மொத்தம் 266,500. வான் பத்தொன்பது நாள் கராஜில் கிடந்தது, லீக்ஸ் நடவு மூன்று கிழமை தள்ளிப்போனது. லொறிக் கூலியை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் இவ்வளவும்.

இழுவை ஏன் போதவில்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. முதலிலேயே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் ஏறுகிற வீதியில், 2,300 கிலோவை மணிக்கு 30 கிலோமீற்றரில் இழுக்கச் சக்கரத்தில் ஏறக்குறைய 24 குதிரைவலு வேண்டும். ட்ரெய்லர் இல்லாத வானுக்கு 13 அல்லது 14 போதும். எங்கள் இஞ்சின் 2,000 சுற்றில், எக்சிலேட்டரை முழுக்க அழுத்தினால், கடல்மட்டத்தில் சக்கரத்துக்குத் தருவது சுமார் 27. 1,500 மீற்றர் உயரத்தில் அது 23 ஆகிவிடும். ஒக்டேன் எதைப் போட்டாலும் இந்த 23 என்பது 24 ஆக மாறாது. இரண்டாம் கியருக்கு இறக்கி 3,300, 3,500 சுற்றில் ஓட்டினால் அதே இஞ்சின் கிட்டத்தட்ட இரட்டிப்பு வலுத் தரும், அரைக்காலில், அதாவது எக்சிலேட்டரைப் பாதி அழுத்தியே, ஏறிவிடும். அரைக்காலில் சிலிண்டர் நிறையாது, அழுத்தம் கூடாது. சுற்று அதிகம் என்பதால் அந்த ஓர மிச்சத்துக்குச் சூடேறிப் பற்ற நேரமும் கிடைக்காது. இஞ்சின் இரைகிறது என்று பயந்து பெரிய கியரில் இழுத்தடிப்பதுதான் பிஸ்டனைக் கொல்கிறது. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைக்க வேண்டும், வேகம் செத்த பிறகு அல்ல. கூழாங்கல் சத்தம் கேட்ட நொடியில் காலைத் தளர்த்திக் கியரைக் குறையுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் டைமிங்கைக் காதால் வைக்க விடாதீர்கள். இஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டும், ஐடில் தகட்டில் சொன்ன அளவில் இருக்க வேண்டும், இஞ்சின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னுக்குத் தள்ளுகிற வெக்யூம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அடைக்கச் சொல்லியிருந்தால் அடைக்க வேண்டும், பிறகு லைட் பிடித்துத் தகட்டு எண்ணுக்குச் சரியாக வைக்க வேண்டும். சோதனை ஓட்டம் கட்டாயம் கீழே, பாரத்தோடு, வெயிலில். அப்போதும் இரண்டாம் கியர் அரைக்காலில் நொக் வந்தால் இரண்டு பாகை பின்னுக்கு எடுங்கள். அதற்கு மேல் எடுத்துக்கொண்டே போகாதீர்கள். பிந்திய டைமிங்கில் இழுவை போகும், எக்சோஸ்ட் சிவக்கும், ரேடியேட்டர் கொதிக்கும். அந்த இடத்தில் வேறு காரணத்தைத் தேட வேண்டும்: அடைபட்ட பெற்றோல் பில்டர், மெனிபோல்டில் காற்றுக் கசிவு, சரியாகத் திறக்காத தேமோஸ்டாட், மண் அடைத்த ரேடியேட்டர், பிஸ்டன் தலையில் தடித்த கரி, சூட்டு எண் பொருந்தாத பிளக். ஒயில் எரிக்கிற இஞ்சினில் அந்த ஒயிலே ஒக்டேனைக் கீழே இழுக்கும். சிக்கனத்துக்கு மண்ணெண்ணெய் கலக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாரம் இழுக்கிற இஞ்சினுக்கு அதைவிடப் பெரிய கேடு செய்ய முடியாது.

கம்ப்யூட்டர் உள்ள வண்டிகளில் நொக் சென்சர் சத்தத்தைப் பிடித்துத் தானே டைமிங்கைப் பின்னுக்கு எடுக்கும். பிஸ்டன் தப்பும், ஆனால் இழுவை குறையும், பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். பாரத்தில் 95 நிஜமாகவே பலன் தருகிற வண்டிகள் இவைதான், அதிலும் டர்போ உள்ளவை. டர்போ இஞ்சின் உயரத்திலும் காற்றைத் திணித்து நிரப்பிக்கொள்வதால், மலை தருகிற சலுகை அதற்கு முழுசாகக் கிடைப்பதில்லை. 92இலிருந்து மாற்றிப் பார்க்கிறவர்கள் முதல் ஐந்து கிலோமீற்றரில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. டேங்கில் பாதி 92 கிடக்க மேலே 95 அடித்தால் உள்ளே இருப்பது சுமார் 93.5தான், கம்ப்யூட்டர் டைமிங்கைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவரவும் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். டேங்க் கிட்டத்தட்டக் காலியானதும் நிரப்பி, ஒரே ஏற்றத்தில் ஒரே பாரத்தோடு பாருங்கள். எங்கள் வான் போன்றதற்கு என் முடிவு: டைமிங் சரி, ரேடியேட்டர் சுத்தம், கியர் சரி, பாரம் அளவு, எல்லாம் இருந்தும் வெயிலில் அடிவார ஏற்றத்தில் சத்தம் கேட்டால் மட்டும் அந்த ட்ரிப்புக்கு 95. ஒரு ஏற்றத்துக்குப் பத்து லீற்றர் போனாலும், நாங்கள் அடித்த நேரத்து விலையில் மேலதிகச் செலவு நானூறு ரூபாய்க்குச் சற்று மேலேதான்.

பாரத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். பிரேக் இல்லாத ட்ரெய்லரில் ஒரு தொன் இழுத்தது முதல் தவறு. ஐரோப்பாவில் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்குச் சுமையோடு சேர்த்து 750 கிலோதான் எல்லை, அதுவும் இழுக்கிற வண்டியின் எடைக்கு ஏற்ப இன்னும் குறையும். வண்டிக் கையேட்டில் இழுவை அளவு போட்டிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். போடவேயில்லை என்றால் அந்த வண்டி இழுக்கச் செய்ததல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு தடவைக்குப் பத்து மூட்டைதான் ஏற்றுகிறோம், கனத்தை அச்சுக்குச் சற்று முன்னால் வைக்கிறோம், ஹூக்கோடு சங்கிலியும் போடுகிறோம். இறங்கும்போது ட்ரெய்லர் வெறுமையாக இருந்தாலும் ஏறின அதே கியர்.

ஒவ்வொரு ட்ரிப்புக்குப் பிறகும், இஞ்சின் ஆறியதும், நாலு பிளக்கையும் கழற்றி டோர்ச் வெளிச்சத்தில் பார்க்கிறேன்; பதினைந்து நிமிட வேலை. பீங்கான் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் மெலிந்திருக்கிறது அல்லது சூடு கூடியிருக்கிறது. மிளகுப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் அடுத்த ட்ரிப்பை நிறுத்திவிட்டு முதலில் டைமிங் லைட்டை எடுங்கள்.